கடல் பொங்கியது யாருடைய கோபத்தால்?

எங்காவது பூமி அதிர்ந்தது என்று பத்திரிகையில் ஒரு சேதி வந்துவிட்டால் போதும். நம் மதுரைச் சித்திரை வீதிகளிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிச் சந்தைகளிலும், கிராமத்துச் சாவடிகளிலும் ஒரே விதமான பேச்சுக் கிளம்பிவிடுகிறது. "கலி முற்றிவிட்டது, பாவம் பெருகிவிட்டது, தெய்வம் எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கும்?" என்பதே அந்தப் பேச்சு. பேசுகிறவர் பெரும்பாலும் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் அவர் பேசி முடிப்பதற்குள் பக்கத்தில் இன்னொருவர் பரிகாரம் சொல்லத் தயாராக நிற்பார். அந்தப் பரிகாரத்துக்குத் தட்சணை உண்டு என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி நம் கிழக்குக் கடற்கரையை அழித்த ஆழிப்பேரலையைப் பற்றியும் இதே பேச்சுத்தான் பேசப்பட்டது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் பேசப்படுகிறது. ஆகையால் இந்தக் கோபக் கதையைக் கொஞ்சம் நிதானமாகத் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறோம். மதுரையிலிருந்து கடல் வெகு தூரம், நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட வேண்டாம். அலை மதுரைக்கு வரவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அலையைப் பற்றிய பொய் மதுரைக்கு வந்து குடியேறியிருக்கிறது.

நடந்த சங்கதி

அன்று ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு மறுநாள். மார்கழி மாதத்துப் பௌர்ணமி. நம் நேரப்படி காலை 6 மணி 29 நிமிஷத்துக்குச் சுமத்ரா தீவின் வடமேற்குக் கடலடியில் பூமி பிளந்தது. அதன் அளவு 9.1 என்று கணக்கிட்டார்கள். பிளவின் நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். அதாவது மதுரையில் தொடங்கிய விரிசல் நாக்பூர் வரையில் போனால் எவ்வளவோ அவ்வளவு. கடலின் தரை சில மீட்டர் உயர்ந்தும் தாழ்ந்தும் போக, அதன் மேலிருந்த தண்ணீர் முழுவதும் தள்ளப்பட்டு நாலா பக்கமும் ஓடியது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில், காலை 9 மணியை ஒட்டி, அது நம் கரையை அடைந்தது.

பதினான்கு நாடுகளில் மாண்டவர்கள் சுமார் 2,27,000 பேர். இலங்கையில் மாத்திரம் 35,000 பேர் வரையில். அங்கே பெரலிய என்னும் இடத்தில் நின்ற ஒரு ரயில் வண்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே இடத்தில் மூழ்கினார்கள். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர். அவர்களில் 6,000-க்கு மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் ஜில்லா ஒன்றில் மாத்திரம் செத்தவர்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்ற பெயர்களைக் கேட்டால் இன்றைக்கும் அந்தக் கரையில் அழாதவர் இல்லை.

செத்தவர்கள் யார்? விடிகாலையில் வலை இழுத்துப் பிழைக்கிறவர்கள். மீன் வாங்கக் கூடையோடு கரையில் காத்து நின்ற பெண்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பள்ளிக்கூடம் போகாமல் மணலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள். இவர்களுக்குத்தான் தெய்வம் தண்டனை கொடுத்ததென்று நம்மவர்கள் சொல்லுகிறார்கள். எந்தக் குற்றத்துக்கு என்று நாம் கேட்கிறோம்.

கோபத்துக்குச் சொன்ன காரணங்கள்

கேட்டால் பதில் ஒன்றாக வருவதில்லை. 2004 நவம்பர் 11-ந் தேதி காஞ்சி சங்கராச்சாரியார் ஒரு கொலை வழக்கில் கைது செய்யப்பட்டார். அதனால்தான் கடல் பொங்கியது என்று அவருடைய பக்தர்களில் சிலர் சொன்னார்கள். ஓய்வு நாளில் கூத்தடித்தவர்களுக்குத் தண்டனை என்று வேறு மதத்தில் சிலர் சொன்னார்கள். களுத்துறைக் கடற்கரையை விண்கோள் எடுத்த படத்தில், அலை தன் நுரையால் ஆண்டவன் பெயரை எழுதியிருக்கிறது என்று இலங்கையில் சிலர் சொன்னார்கள். ஆக, ஒரே அலைக்கு மதத்துக்கு ஒரு காரணம். ஒவ்வொரு காரணமும் மற்றக் காரணங்களைப் பொய் என்கிறது. எல்லாம் உண்மையாயிருக்க முடியாது. எல்லாம் பொய்யாயிருக்க முடியும்.

முதலாவதை எடுத்துக்கொள்ளுவோம். காஞ்சிபுரத்தார் ஒருவரைக் கைது செய்தது சர்க்காரும் போலீசும். சர்க்கார் இருப்பது சென்னைக் கோட்டையில். கோபங்கொண்ட தெய்வத்துக்கு விலாசம் தெரியாமல் போயிற்றா? கீச்சாங்குப்பத்துக் கைக்குழந்தையா வாரண்டில் கையெழுத்துப் போட்டது? சுமத்ராவிலுள்ள ஆச்சே மாகாணத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட இஸ்லாமியர் மாண்டார்களே, அவர்கள் காஞ்சிபுரம் இருக்கும் திசையாவது அறிவார்களா? மேலும், அதே வழக்கில் அவரும் மற்றவர்களும் 2013 நவம்பர் 27-ந் தேதி புதுச்சேரிக் கோர்ட்டில் விடுதலை செய்யப்பட்டார்கள். சரி, வழக்கு முடிந்தது. கோபம் தீர்ந்த தெய்வம், தான் எடுத்துக்கொண்ட உயிர்களில் ஒன்றையாவது திருப்பித் தந்ததா? மனிதன் கட்டிய கோர்ட்டாவது ஒன்பது வருஷம் கழித்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிற்று. இந்தத் தெய்வ நீதி விசாரணைக்கு முன்பே, சம்பந்தமில்லாத ஊரில், சம்பந்தமில்லாதவனைத் தூக்கிலிடுகிறது. இப்படி ஒரு மாஜிஸ்திரேட் செய்தால் நாம் அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டோமா? ஆண்டவனுக்கு இந்த யோக்கியதையைக் கொடுக்கிறவர்கள் பக்தர்களா, அல்லது நாமா?

1934-ல் கேட்ட அதே பாட்டு

இந்த வாதம் புதியதல்ல. 1934 ஜனவரி 15-ந் தேதி பகல் பீகாரிலும் நேபாளத்திலும் பெரிய பூகம்பம் ஏற்பட்டு, முங்கேர் நகரம் தரைமட்டமாகிப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். அப்போது தோழர் காந்தியார் ஹரிஜன யாத்திரையாக நம் தென்னாட்டில்தான் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24-ந் தேதி திருநெல்வேலிக் கூட்டத்தில் அவர், தீண்டாமைப் பாவத்துக்கும் இந்தப் பூகம்பத்துக்கும் சம்பந்தம் உண்டென்று தாம் நம்புவதாகப் பேசினார். கவி ரவீந்திரநாத் தாகூர், தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் காந்தியாரோடு ஒத்தவராயிருந்தும், இது பகுத்தறிவுக்கு விரோதமான பேச்சு என்று பகிரங்கமாக மறுத்தார்.

தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் நல்ல காரியத்துக்குப் பொய்க் காரணம் சொல்லக் கூடாது. ஏனென்றால் பொய் இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. தீண்டாமையினால் பூமி அதிர்ந்தது என்று இவர் சொன்னபோதே, தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பியதால்தான் பூமி அதிர்ந்தது என்று சனாதனிகள் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் சாட்சி ஒரே பூகம்பம்! இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்பதற்கு என்ன வழி? ஒரு வழியும் இல்லை. அன்றியும், தீண்டாமைக்குத் தண்டனை என்றால் முங்கேரில் கூரை விழுந்து செத்த தாழ்த்தப்பட்டவர்கள் தங்களைத் தாங்களே தீண்டாமல் வைத்த குற்றத்துக்கா செத்தார்கள்? அப்போது தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கோயில் கதவைச் சாத்தி வைத்திருந்த ஊர்களில் நம் மதுரையும் ஒன்றல்லவா? மதுரைக்கு ஏன் அதிர்ச்சி வரவில்லை?

1939 ஜூலை 8-ந் தேதி வைத்தியநாத அய்யர் முன்னின்று தாழ்த்தப்பட்ட தோழர்களை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அன்றைக்குச் சனாதனிகள் என்ன சொன்னார்கள்? கோயில் தீட்டாகிவிட்டது, அம்மன் வெளியேறிவிட்டாள் என்றார்கள். எந்தக் கோபுரம் சாய்ந்தது? வைகை எந்தப் பக்கம் திரும்பி ஓடியது? அன்று நடந்தது ஒன்றுதான்: சில மனிதர்கள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். கோபக் கதை பொய் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கிற பிரத்தியட்ச சாட்சி அந்தக் கோயில் வாசல்.

மதுரைப் புராணமும் கடலும்

கடல் கோபத்தைப் பற்றி மதுரைக்காரருக்கு வெளியூரார் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்முடைய ஸ்தல புராணத்திலேயே கடல் எத்தனை தடவை வருகிறது! இந்திரன் ஏவ, வருணன் கடலை மதுரை மேல் விட்டானாம். உக்கிர பாண்டியன் வேலை எறிந்தானாம். கடல் வற்றிப் போயிற்றாம். காஞ்சனமாலை தீர்த்தமாட ஆசைப்பட்டாள் என்று சிவபெருமான் ஏழு கடலையும் ஒரு குளத்துக்கு வரவழைத்தாராம். அதன் பெயரால் கீழைக் கோபுரத்துக்கு எதிரில் ஏழுகடல் தெரு இன்றைக்கும் இருக்கிறது. ஒரு மாமியார் குளிப்பதற்கு ஏழு கடலையும் குளத்தில் அடக்கத் தெரிந்த தெய்வத்துக்கு, ஒரு கடலின் ஒரு அலையை நாகப்பட்டினத்துக்கு வெளியே நிறுத்தத் தெரியவில்லை!

இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் சங்கக் கதையைப் பாருங்கள். முதல் சங்கம் 4,440 வருஷம் நடந்ததாம். சிவனும் முருகனுமே அதில் புலவர்களாக உட்கார்ந்து தமிழாராய்ந்தார்களாம். அந்த மதுரையைக் கடல் கொண்டதாம். பிறகு கபாடபுரத்தில் 3,700 வருஷம் இரண்டாம் சங்கம். அதையும் கடல் கொண்டதாம். இதை நாம் சரித்திரம் என்று சொல்லவில்லை. தெற்கே ஒரு பெரிய கண்டம் இருந்து மூழ்கியதாகக் கடலடியை ஆராய்ந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தமிழின் பெருமைக்காகக்கூட நாம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. தமிழுக்கு அவ்வளவு வறுமை வந்துவிடவில்லை. ஆனால் இந்தக் கதையை நம்புகிறவர்களை ஒன்று கேட்கிறோம். சிவனும் முருகனும் அங்கத்தினர்களாயிருந்த சபையையே கடல் அடித்துக்கொண்டு போயிற்றென்றால், உங்கள் உண்டியலில் போடுகிற பத்து ரூபாய் எந்தக் கடலைத் தடுக்கும்?

புராணத்திலேயே ஒரு புத்தியுள்ள இடம் இருக்கிறது. அதை மாத்திரம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வைகை பெருகியபோது பாண்டியன் என்ன செய்தான்? வீட்டுக்கு ஒரு ஆள் வந்து மண் வெட்டிக் கரையை உயர்த்த வேண்டும் என்று உத்தரவு போட்டான். பிட்டு விற்ற கிழவிக்கும் ஒரு பங்கு கரை அளந்துவிட்டான். சாமியே வந்தாலும் கூடை தூக்கி மண் சுமக்கத்தான் வேண்டியிருந்தது. வேலை செய்யாமல் தூங்கினதற்குப் பிரம்படி கிடைத்தது. கதை எழுதினவனுக்கே தெரிந்திருக்கிறது, வெள்ளத்தை நிறுத்துவது மண் கரைதான் என்று. அந்தக் கதையை வருஷா வருஷம் ஆவணியில் திருவிழாவாகக் கொண்டாடுகிற நாம், மண்ணை மறந்துவிட்டுப் பிட்டை மாத்திரம் வாயில் போட்டுக்கொள்கிறோம். மேலூர் வயலுக்குத் தண்ணீர் கொடுத்ததும் வருண ஜபம் அல்ல. 1895-ல் பென்னி குக் கட்டி முடித்த அணையும், மலையைக் குடைந்த சுரங்கமும்தான் கொடுத்தன.

பஞ்சாங்கம் எங்கே போயிற்று?

இனி ஜோசியத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். அன்றைய தினம் பௌர்ணமி என்று பஞ்சாங்கத்தில் ஒரு வருஷத்துக்கு முன்பே அச்சாகியிருந்தது. பௌர்ணமி சரியாகவே வந்தது. ஏனென்றால் சந்திரனின் ஓட்டம் கணக்கு; கணக்குத் தெரிந்தவன் யாரும் சொல்லலாம். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் சாகப்போகிற சேதி மாத்திரம் அதே பஞ்சாங்கத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை. பூமி பிளந்ததோ காலை 6.29-க்கு, அலை வந்ததோ 9 மணியை ஒட்டி. அதாவது எமன் தனக்கென்று ஒதுக்கிய எமகண்டத்திலும் வராமல், ராகு தன் காலத்திலும் வராமல், எல்லாரும் நல்ல நேரம் என்று எண்ணியிருந்த நேரத்தில் வந்து காரியத்தை முடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்! இந்த ராகுகாலத்தைப் பார்த்து நம் ஜனங்கள் பெண் பார்க்கப் போகாமலும், ஆஸ்பத்திரிக்குப் போகாமலும், நிலம் பதியாமலும் நிற்கிறார்கள். இதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறு உண்டா?

தப்பிய கோயில்கள்

"அப்படியானால் திருச்செந்தூர் முருகன் கோயில் கடற்கரையிலேயே இருந்தும் எப்படித் தப்பியது?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, பதில் பூகோளப் படத்தில் இருக்கிறது. சுமத்ராவிலிருந்து வருகிற அலைக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் இலங்கைத் தீவு சுவர்போல நிற்கிறது. அடி முழுவதையும் இலங்கை வாங்கிக்கொண்டது. அதனால் திருச்செந்தூர் கோயில் மாத்திரமா தப்பியது? கீழக்கரைப் பள்ளிவாசலும் தப்பியது. தூத்துக்குடி உப்பளமும் தப்பியது. உப்பளத்துக்கு எந்த ஸ்தல புராணம் இருக்கிறது? இலங்கையின் மறைவு முடிந்து அலை வளைந்து அடித்த கன்னியாகுமரி ஜில்லாவில் குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி ஊர்களில் பிணம் குவிந்தது. முருகன்தான் அலையைத் தடுத்தான் என்றால், குளச்சல் குழந்தைகளுக்கும் இலங்கையில் செத்த 35,000 பேருக்கும் அவன் என்ன பதில் சொல்வான்?

வேளாங்கண்ணியிலும் இதே கதை. மாதா கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை, அதிசயம் என்றார்கள். கோயில் மேட்டில் இருந்தது. தண்ணீர் பள்ளத்தில் ஓடியது. ஆனால் மாதாவைத் தரிசிக்க வந்து கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் அடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். தன் வீட்டைக் காத்துக்கொண்டு, விருந்துக்கு வந்தவர்களைக் கடலுக்குக் கொடுப்பதை ஒரு மனிதர் செய்தால் அதற்கு நாம் அதிசயம் என்றா பெயர் வைப்போம்?

நாகூர் தர்கா, நாகப்பட்டினம் காயாரோகணர் கோயில், வேளாங்கண்ணி மாதா கோயில் என்று மூன்று மதங்களின் பேர்பெற்ற ஸ்தலங்கள் ஒரு பன்னிரண்டு மைலுக்குள் வரிசையாக நிற்கிற கரை அது. தெய்வ சாந்நித்தியம் ஆபத்தைத் தடுக்குமென்றால் தமிழ்நாட்டிலேயே முதலில் தப்பியிருக்க வேண்டிய இடம் அது. தமிழ்நாட்டிலேயே அதிகம் பேர் செத்ததும் அங்கேதான்.

ஏன் என்பதும் எப்படி என்பதும்

இந்த மயக்கம் நமக்கு மாத்திரம் உரியதல்ல, வெள்ளைக்காரனுக்கும் இருந்தது. 1755 நவம்பர் 1-ந் தேதி, சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று காலை, போர்ச்சுகல் தேசத்து லிஸ்பன் நகரில் ஜனங்கள் சர்ச்சுகளில் நிறைந்திருந்தபோது பூமி அதிர்ந்தது. கூரைகள் பக்தர்கள் தலைமேல் விழுந்தன. பலிபீடத்து மெழுகுவர்த்திகள் சாய்ந்து தீப்பிடித்தது. வெட்டவெளி தேடித் துறைமுகத்துக்கு ஓடியவர்களைக் கடல் வாரிக்கொண்டது. மலகிரிதா என்னும் பாதிரியார், இது இயற்கையால் வந்ததல்ல, உங்கள் பாவத்தால் வந்தது. குடிசை போடுவதை விட்டு ஜெபம் செய்யுங்கள் என்று பிரசாரம் செய்தார். பிற்பாடு அவரை மத விசாரணைக்காரர்களே 1761-ல் கழுத்தை நெரித்துக் கொளுத்தியது வேறு காட்டுமிராண்டித்தனம். அதை நாம் மெச்சவில்லை.

ஆனால் அந்தத் தேசத்து மந்திரி பொம்பால் செய்த காரியத்தை மெச்சுகிறோம். அவர் பிணங்களை அப்புறப்படுத்தி, நகரத்தை அகன்ற வீதிகளோடு திருப்பிக் கட்ட ஏற்பாடு செய்தார். அதோடு ஒவ்வொரு ஊர்ப் பாதிரிக்கும் ஒரு கேள்விக் காகிதம் அனுப்பினார். எத்தனை நேரம் அதிர்ந்தது? கடல் முதலில் உள்வாங்கியதா, பொங்கியதா? கிணற்றுத் தண்ணீர் மாறியதா? எத்தனை வீடு விழுந்தது? ஆண்டவனுக்கு என்ன கோபம் என்று அந்தக் காகிதத்தில் கேள்வி இல்லை. தோழர்களே, பூகம்ப சாஸ்திரம் அந்தக் காகிதத்திலிருந்துதான் முளைத்தது. "ஏன் கோபம்?" என்று கேட்டவரையில் மனிதன் அழுதுகொண்டேயிருந்தான். "எப்படி நடந்தது?" என்று கேட்ட அன்றைக்கே அவன் கையில் ஒரு பிடி கிடைத்தது.

அந்தப் பிடி என்ன? பூமியின் மேல்தோடு பல துண்டுகளாக இருக்கிறது. நாம் நிற்கிற இந்தியத் துண்டு வருஷத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர், அதாவது விரல் நகம் வளர்வதைக் காட்டிலும் சற்று அதிக வேகத்தில், வடக்கும் வடகிழக்குமாக நகருகிறது. சுமத்ரா, அந்தமான் பக்கத்தில் அது பக்கத்துத் துண்டின் கீழே நுழைகிறது. நுழைகிற இடத்தில் சிக்கிக்கொள்கிறது. நூற்றுக்கணக்கான வருஷம் இறுகிய வில் ஒரு நாள் விடுபடுகிறது. ஆதிசேஷன் தலை மாற்றிக்கொள்வதுமில்லை, அஷ்டதிக்கு யானைகள் தோள் மாற்றுவதுமில்லை. ஆழக்கடலில் அலையின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர், ஆகாய விமானத்தின் வேகம். ஆனால் அங்கே அதன் உயரம் ஒரு முழம், இரண்டு முழந்தான். கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து உயரம் வளர்கிறது. சில கரைகளில் முதலில் கடல் உள்வாங்குகிறது. அதை வேடிக்கை பார்க்கவும், துள்ளுகிற மீனைப் பொறுக்கவும் இறங்கியவர்கள் எத்தனை பேர்! அது சாவின் அறிவிப்பு என்று ஒரு பள்ளிக்கூடத்திலாவது சொல்லிக்கொடுத்திருந்தால் அவர்கள் மேட்டைப் பார்த்து ஓடியிருப்பார்கள்.

அறிவு காத்த உயிர்கள்

சொல்லிக்கொடுத்த இடத்தில் நடந்ததைப் பாருங்கள். பூகம்பம் பிறந்த இடத்துக்கு மிக அருகிலுள்ள தீவு சிமுலுவே. அங்கே 1907-ல் ஒரு பேரலை வந்து நாசம் செய்தது. அதன்பின் பாட்டிமார், "பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடு" என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். 2004-ல் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களுள்ள அந்தத் தீவில் செத்தவர்கள் 7 பேர். தாய்லாந்து புக்கெட் கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலீஷ் சிறுமி, இரண்டு வாரத்துக்கு முன் பூகோள வகுப்பில் கேட்ட பாடத்தை நினைவில் வைத்து, கடல் நுரைப்பதைக் கண்டு கத்தி, அந்தக் கரையிலிருந்த சுமார் நூறு பேரைக் காப்பாற்றினாள். ஒரு பாடம் நூறு உயிர்! இத்தனை கோடி ரூபாய் செலவழித்து நாம் நடத்துகிற கும்பாபிஷேகங்களில் ஒன்றாவது இந்தக் கணக்குக் காட்டட்டும். கடலூர்ப் பக்கத்தில் பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளும் தங்கள் பின்னாலிருந்த ஊர்களுக்கு அலையின் வேகத்தைக் குறைத்தன. மரம் செய்த உபகாரத்தைக்கூட மந்திரம் செய்யவில்லை.

விதி என்னும் திரை

கோபக் கதையினால் வெறும் மூடநம்பிக்கை வளர்கிறது என்பதோடு தீமை நிற்கவில்லை. அது குற்றவாளிகளைத் தப்பவிடுகிறது. எல்லாம் விதி என்று சொல்லிவிட்டால் பிறகு யாரையும் கேள்வி கேட்க முடியாதல்லவா?

1946-ல் ஹவாய் தீவை அலை அடித்த பிறகு 1949 முதல் பசிபிக் கடலில் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்தியக் கடலில் 2004 வரையில் ஒன்றும் இல்லை. 1881 கடைசி நாளில் கார் நிக்கோபார் பக்கத்துப் பூகம்பத்தால் எழுந்த அலை நாகப்பட்டினத்து நீர்மட்டக் கருவியில் பதிவாகியிருந்தும் இல்லை. அன்று நிக்கோபார் தீவுகளை அலை முதலில் அழித்தது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளமே அழிந்தது. அதற்குப் பிறகு நம் கரைக்கு அலை வர ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் கீச்சாங்குப்பத்துக்கு ஒரு தண்டோராக்கூட வரவில்லை. இதைக் கேட்க வேண்டிய வாய்களை விதி என்ற ஒரு சொல் அடைத்துவிட்டது.

பெண்கள் விஷயத்தைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபாம் ஸ்தாபனத்தார் 2005-ல் வெளியிட்ட கணக்குப்படி, நாகப்பட்டினத்தில் மாண்ட பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கடலூரில் பெண்கள் 391, ஆண்கள் 146. தெய்வத்துக்குப் பெண்கள் மேல் மாத்திரம் இத்தனை வெறுப்பா? இல்லை. மீன் வாங்கக் கரையில் நின்றவர்கள் பெண்கள். குழந்தையை விட்டு ஓடாதவர்கள் பெண்கள். நீந்தவும் மரமேறவும் கற்றுக்கொடுக்காமல், "பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று வளர்க்கப்பட்டவர்கள் பெண்கள். ஓட முடியாதபடி காலைச் சுற்றிய சேலையோடு நின்றவர்கள் பெண்கள். அலை எல்லாரையும் ஒன்றாகத்தான் அடித்தது. யார் தப்பலாம், யார் தப்பக் கூடாது என்று முன்னமே வரிசை வைத்திருந்தது நம்முடைய வழக்கம்.

ஜாதி அலையில் கரைந்ததா? உப்புத் தண்ணீரிலும் கரையவில்லை. நிவாரண முகாம்களில் தாழ்த்தப்பட்டவர்களோடு ஒரே கூரையில் தங்கவும், ஒரே தொட்டியில் தண்ணீர் எடுக்கவும் மறுத்த இடங்கள் உண்டென்று விசாரித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அழுகிப்போன பிணங்களை அப்புறப்படுத்த மாத்திரம் பிற ஊர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். அவர்கள் யார் என்று சொல்ல வேண்டுமா? தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் தீட்டு. நம்முடைய தாயின் பிணத்தைத் தொட்டால் தீட்டில்லை! வீடும் வாசலும் பெண்டும் பிள்ளையும் போன பிறகும் ஜாதியை மாத்திரம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கரையேறிய மனிதனை என்னவென்று சொல்வது?

சயன்ஸ் மாத்திரம் தடுக்குமா?

"உங்கள் சயன்ஸ் பூகம்பத்தைத் தடுத்துவிடுமா?" என்று கேட்பார்கள். தடுக்காது. இன்ன நாள் இன்ன மணிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் அதனால் முடியாது. முடியாததை முடியாது என்று சொல்லுகிற நாணயந்தான் சயன்சுக்கும் ஜோசியத்துக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் பூமி பிளந்த சில நிமிஷத்துக்குள் எங்கே, எவ்வளவு என்று கண்டு, அலை கரைக்கு வருமுன் சேதி சொல்ல அதனால் முடியும். 2007-ல் ஐதராபாத்தில் நம் தேசத்து எச்சரிக்கை நிலையம் திறக்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ராப் பக்கம் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது, எச்சரிக்கை வந்து ஜனங்கள் கரையை விட்டு விலகினார்கள். நிலத்துண்டுகள் ஏறி இறங்காமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் அன்று பெரிய அலை எழவில்லை. அந்தக் காரணத்தையும் அவர்களே விளக்கினார்கள். "சொன்னபடி அலை வரவில்லையே" என்று சிரித்தவர்களும் உண்டு. வராததற்காகச் சந்தோஷப்பட வேண்டியவன் சிரிக்கிறான். ராகுகாலம் ஆயிரம் தடவை பொய்த்தும் அதைப் பார்த்து ஒரு நாளும் அவன் சிரித்ததில்லை.

ஆகவே தோழர்களே, நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். ஆபத்து வரும்போது பரிகாரம் என்று வருகிறவனுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். அந்தக் காசை வீடிழந்தவனுக்கு அனுப்புங்கள். மதுரையானாலும் மணமேல்குடியானாலும் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூமி எப்படி அதிர்கிறது, கடல் எப்படி எழுகிறது, அப்போது என்ன செய்ய வேண்டும் என்று பாடம் நடத்தச் சொல்லி வற்புறுத்துங்கள். திருச்செந்தூருக்கும் ராமேசுவரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் மதுரைக்காரர்கள்தாமே! பெண் குழந்தைகளுக்கு வைகையில் தண்ணீர் இருக்கிற நாளிலாவது, இல்லாவிட்டால் ஊர்க் கண்மாயிலாவது நீச்சல் பழக்குங்கள். சர்க்கார் எச்சரிக்கை விட்டால் நம்புங்கள். விடாவிட்டால் ஏன் விடவில்லை என்று சட்டையைப் பிடித்துக் கேளுங்கள். நிவாரணம் கொடுக்கிற இடத்தில் ஜாதிக்கு ஒரு பந்தி போட்டால் அந்த இடத்திலேயே தடுத்து நில்லுங்கள்.

கடலுக்குக் கோபமும் இல்லை, கருணையும் இல்லை. கோபப்பட வேண்டியவர்கள் நாம். இறந்துபோன குழந்தைகளைப் பாவிகள் என்று சொல்லித் தட்சணை வாங்குகிறவர்கள் மேல் அந்தக் கோபம் வர வேண்டும். அது வந்துவிட்டால், அடுத்த அலை வருகிறபோது நம் ஜனங்கள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு நிற்கமாட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு, மேட்டைப் பார்த்து ஓடுவார்கள்.